ரெக்கார்டு பிளேயர் வாங்குமுன்: எதோடு எது சேரும்?

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டி இசைத்தட்டுகள் இறங்கின. அறுபதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, நான் திருச்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு பிளேயர் வாங்கினால் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு பிளேயரிலிருந்து ஒழுங்காகப் பாட்டு வருவதற்குள் நான்கு மாதம் ஓடியது. தேவையில்லாத பொருள்களில் பதினோராயிரம் ரூபாய் போனது.

நான் வாங்கிய எதுவும் மட்டமான பொருள் இல்லை. ஒன்றோடு ஒன்று சேராத பொருள்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இறங்கியிருந்தால், கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

1. முதலில் தட்டுகளைப் பாருங்கள்

கடைக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்பது அப்புறம். உங்களிடம் என்ன தட்டு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. லேபிளில் வேகம் போட்டிருக்கும். 12 அங்குல எல்.பி. என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குலச் சின்னத் தட்டு பெரும்பாலும் 45. ஆனால் அந்த அளவிலேயே 33⅓-இல் ஓடும் தட்டுகளும் நம் ஊரில் வந்திருக்கின்றன, எனவே அளவைப் பார்த்து முடிவு செய்யாமல் லேபிளைப் படியுங்கள்.

கனமாக, கீழே விழுந்தால் ஓடு போல உடையும் பழைய தட்டு இருந்தால் அது 78 சுற்றுத் தட்டு. அதற்குத் தனி வேகமும் தனி ஊசியும் வேண்டும். ஊசி ஓடும் பள்ளம் அதில் அகலம். எல்.பி. ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கைத்தான் உழும். இன்று கடையில் கிடைக்கும் பல பிளேயர்களில் 78 வேகமே கிடையாது. என் பெட்டியில் ஒன்பது தட்டு அப்படி இருந்தன, முதல் பிளேயரை வாங்கிய பிறகுதான் கவனித்தேன்.

ஒரு எச்சரிக்கை: 78 தட்டை ஸ்பிரிட், சானிடைசர் போன்ற எதையும் போட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கால் ஆனது. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

2. தாளில் ஒரு கோடு போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்னத் துண்டுதான் கார்ட்ரிட்ஜ். ஊசி பள்ளத்தில் ஓடும்போது அதிலிருந்து வரும் மின்சாரம் மிகமிகக் குறைவு. சாதாரண எம்.எம். வகைக் கார்ட்ரிட்ஜ் (உள்ளே காந்தம் அசையும் வகை) தருவது 3 முதல் 6 மில்லிவோல்ட். போனையோ சிடி பிளேயரையோ செருகும் ஆக்ஸ் இன்புட் எதிர்பார்ப்பது சில நூறு மில்லிவோல்ட். நடுவில் நூறு மடங்கு பெருக்கித் தர ஒருவர் வேண்டும். அதோடு, தட்டில் பதியும்போதே அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்யவும் வேண்டும். இரண்டு வேலையையும் செய்வதுதான் போனோ ப்ரீஆம்ப்.

கோட்டில் வரிசை இப்படி வர வேண்டும்: ஊசியும் கார்ட்ரிட்ஜும், போனோ ப்ரீஆம்ப், ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கி), ஸ்பீக்கர். இந்தக் கோட்டில் போனோ ப்ரீஆம்ப் ஒரே ஒரு முறை வர வேண்டும். இல்லாமல் இருக்கவும் கூடாது, இரண்டு முறை வரவும் கூடாது. நான் இரண்டு தப்பையும் செய்தேன்.

அது மூன்று இடத்தில் ஒளிந்திருக்கலாம். டர்ன்டேபிளுக்கு, அதாவது தட்டைச் சுழற்றும் பிளேயருக்கு, உள்ளேயே இருக்கலாம். ஆம்பின் பின்பக்கம் ‘போனோ’ என்று எழுதிய துளைகளுக்குப் பின்னால் இருக்கலாம். அல்லது தனிச் சின்னப் பெட்டியாக வாங்க வேண்டியிருக்கலாம். உதாரணத்துக்கு, ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ், எல்.பி.120எக்ஸ் இரண்டிலும் உள்ளேயே உண்டு, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். ரேகா பிளானர் 1-இல் கிடையாது.

உள்ளே இருக்கும் மாடல்களில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: போனோ, லைன். இது ஆளைக் குழப்பும். ‘லைன்’ பக்கம் தள்ளினால் உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் வேலை செய்கிறது, வயரை ஆக்ஸில் செருகலாம். ‘போனோ’ பக்கம் தள்ளினால் அது வேலை செய்யவில்லை, வயர் ஆம்பின் போனோ துளைக்குத்தான் போக வேண்டும்.

தப்பு எங்கே என்று காதை வைத்தே சொல்லிவிடலாம். ஒலி கொசு ரீங்காரம் போல மெலிந்து, வால்யூமை முழுக்கத் திருப்பியும் தூரத்தில் கேட்டால் போனோ ப்ரீஆம்ப் எங்கும் இல்லை. குடத்துக்குள் தலையை விட்டுக் கத்துவது போல அடித்தொனி முட்டி, குரல் கிழிந்தால் இரண்டு முறை வந்துவிட்டது.

இன்னொரு பொறி, பெயர். ஆம்ப் வாங்கப் போன இடத்தில் “அண்ணே, இதுல போனோ இருக்கா?” என்று கேட்டேன். “முன்னாடியே இருக்கு பாருங்க சார்” என்று அவர் காட்டியது ஹெட்போன் துளை. மேலே ‘போன்ஸ்’ என்று எழுதியிருந்தது. எழுத்தும் பார்க்க அப்படியே இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் தலையாட்டிவிட்டு வாங்கிவந்தேன். ஆன்லைனில் இன்னொரு குழப்பம் உண்டு: சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகளையே ‘போனோ சாக்கெட்’ என்று சிலர் எழுதுகிறார்கள். விளம்பரத்தை நம்பாதீர்கள். பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். போனோ என்று எழுதிய தனி ஜோடித் துளை இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் எர்த் திருகு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே சவுண்ட்பார் இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: பல சவுண்ட்பார்களில் எச்.டி.எம்.ஐ., ஆப்டிக்கல் தவிர வேறு துளையே இருக்காது. ப்ளூடூத் உள்ள பிளேயர் வாங்கினால் ஓடும். அதற்கு எதற்கு ரெக்கார்டு என்பது என் கேள்வி, உங்கள் இஷ்டம்.

3. டர்ன்டேபிளில் எதைப் பார்ப்பது

சூட்கேஸ் போல மூடித் திறக்கும், ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும் வகையைத் தவிருங்கள். விலை கவர்ச்சியாக இருக்கும். பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும், ஊசியைக் கனமாக அழுத்தும், அந்த எடையைக் குறைக்க வழியும் இருக்காது. பெரியப்பாவின் தட்டில் அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

முழு ஆட்டோமேட்டிக் மாடல், ஊசியைத் தாங்கும் கையைத் தானே தூக்கி வைத்துத் தானே நிற்கும். வீட்டில் பெரியவர்களும் கேட்பார்கள் என்றால் இதுவே நல்லது, அமைக்க வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் பல மாடல்களில் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும்தான் மாற்றலாம். கையின் பின்முனையில், ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்யும் எடைக்கட்டி உள்ள மாடல் கொஞ்சம் வேலை வாங்கும், நாளைக்கு வேறு கார்ட்ரிட்ஜ் போட இடம் தரும். 78 தட்டு இருந்தால் மூன்று வேகமும் உள்ள மாடலைத்தான் தேட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து மாமாவோ அக்காவோ பழைய பிளேயர் கொண்டுவருவதாகச் சொன்னால், அவர் பெட்டி கட்டுமுன் இதைப் படித்துக் காட்டுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மாற்றிவிடலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. ரப்பர் பெல்ட் தட்டைச் சுழற்றும் பழைய ‘பெல்ட் டிரைவ்’ பிளேயர்கள் பலவற்றில் மோட்டாரின் வேகம் அந்த ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். 60-க்குச் செய்ததை 50-இல் போட்டால் 33⅓ சுற்று சுமார் 27¾ ஆகிவிடும், பாட்டு தூக்கக் கலக்கத்தில் பாடியது போல இழுக்கும். சவூதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான், இது பலருக்குத் தெரியாது. துபாய், சிங்கப்பூர், மலேசியா நம்மைப் போல 50. ஜப்பானில் 100 வோல்ட், பாதி நாடு 50, பாதி நாடு 60. அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் வகைகளுக்கும் மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கும் இந்த ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை, வோல்ட்டேஜை மட்டும் பார்த்தால் போதும்.

4. கார்ட்ரிட்ஜும் ஊசியும்

புதிதாகத் தொடங்குபவர் எம்.எம். வகையோடு நில்லுங்கள். எம்.சி. வகைகளில் (காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும்) பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழேதான் தரும். அதற்கு ஆயிரம் மடங்கு பெருக்கும் ப்ரீஆம்ப் வேண்டும், ஊசி தேய்ந்தால் நாமே மாற்றவும் முடியாது. எம்.எம். கார்ட்ரிட்ஜ் எதுவாக இருந்தாலும் ப்ரீஆம்பில் 47 கிலோ ஓம் இன்புட் இருந்தால் பொருந்தும், அநேகமாக எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது, டர்ன்டேபிளிலிருந்து ப்ரீஆம்புக்குப் போகும் வயரின் நீளம். அதை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வயர் நீண்டால் மேல்தொனி மாறும், ‘ம்ம்’ என்று விடாமல் இரையும் ஹம் ஏறும். ப்ரீஆம்பிலிருந்து ஆம்புக்குப் போகும் வயர் நீளமாக இருந்தால் பரவாயில்லை. நான் இதைத் தலைகீழாகச் செய்து, மூன்று மீட்டர் வயரை முன்பக்கம் போட்டுவிட்டு வாரக்கணக்கில் ஹம்மைத் தேடினேன்.

மாற்று ஊசி எளிதில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜாகத் தேர்ந்தெடுங்கள். ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் ஒரே உடலில் பல ஊசிகளை மாற்றி மாற்றிச் செருகலாம், 78 தட்டுக்கான ஊசியும் அதில் உண்டு. நான் கடைசியில் வந்து சேர்ந்தது இங்கேதான். ஆர்ட்டோஃபானின் 2எம் ரெட் இன்னொரு நல்ல தேர்வு. அதே உடலில் பிறகு ப்ளூ ஊசியைச் செருகி ஒரு படி ஏறலாம்.

ஊசிக்கு ஆயுள் உண்டு. நீள்வட்ட முனை ஊசிக்கு 300 மணி நேரம் என்பது ஆடியோ டெக்னிகா சொல்லும் கணக்கு. ஒரு எல்.பி. இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம் என்றால் 450 எல்.பி. வரை ஓடும். தினமும் ஒன்று கேட்டால் ஒன்றேகால் வருடம். பழைய பிளேயர் வாங்கினால் அதில் இருக்கும் ஊசி எத்தனை நாள் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது, புது ஊசிக்கான காசையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

5. ஆம்பும் ஸ்பீக்கரும்

மிகச் சுலபமான வழி, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர். எடிஃபையர் ஆர்1280டி போன்ற ஒரு ஜோடி, ப்ரீஆம்ப் உள்ள டர்ன்டேபிள், நடுவில் ஒரு ஆர்.சி.ஏ. வயர், முடிந்தது. 10-க்கு 12 அடி அறைக்கு இது தாராளம்.

தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர் என்று போனால் மூன்று எண்களைப் பாருங்கள். ஓம்: ஸ்பீக்கரின் ஓம், ஆம்பில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடியை இணையாக மாட்டினால் ஆம்ப் பார்ப்பது 4 ஓம். அதைத் தாங்காத ஆம்ப் என்றால் சூடேறி அணைந்துபோகும். சென்சிடிவிட்டி: ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்பது. 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் கொண்டுவர நான்கு மடங்கு வாட் வேண்டும். சின்ன ஆம்ப் வாங்கினால் இந்த எண் பெரிதாக இருக்கும் ஸ்பீக்கரைத் தேடுங்கள். மூன்றாவது வாட்: ஆர்.எம்.எஸ். கணக்கு, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், மட்டும். பெட்டியில் பி.எம்.பி.ஓ. (நொடிப்பொழுது உச்சம் என்று விளம்பரத்துக்குச் சொல்லும் எண்) என்று 2000, 5000 எல்லாம் போட்டிருந்தால் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். வீட்டு அறைக்கு ஒரு பக்கம் 30 வாட் ஆர்.எம்.எஸ். போதும்.

பழைய தமிழ்ப் பட ரெக்கார்டுகள்தான் உங்களிடம் அதிகம் என்றால் ‘மோனோ’ பொத்தான் உள்ள ஆம்ப் கிடைக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் பெரும்பகுதி மோனோ பதிவு. அந்தப் பொத்தானை அழுத்தினால் பொரியும் சத்தம் கணிசமாக அடங்கும். பழைய ஆம்ப்களில் இது சாதாரணமாக இருக்கும், புதியவற்றில் அருமை.

6. எவ்வளவு ஆகும்

நான் வாங்கித் திருப்பிக்கொடுத்து அலைந்தபோது பார்த்த விலைகள் இவை, கடைக்குக் கடை மாறும். ஆரம்பநிலை ஆட்டோமேட்டிக் டர்ன்டேபிள் 12,000 முதல் 18,000 ரூபாய். எடைக்கட்டி, மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் உள்ளவை 30,000-க்கு மேல். தனிப் போனோ ப்ரீஆம்ப் 2,500 முதல் 6,000. ஆக்டிவ் ஸ்பீக்கர் ஜோடி 10,000 சுமாருக்கு. சின்ன ஆம்ப் 6,000 முதல் 10,000, அதற்கு ஸ்பீக்கர் இன்னொரு 10,000-க்கு மேல்.

இதற்கு மேல் 3,000 ரூபாய் தனியாக எடுத்துவையுங்கள். ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, தட்டின் தூசி துடைக்கும் கார்பன் பிரஷ், தட்டுகளுக்குப் புது உள்ளுறை. தராசு சில நூறு ரூபாய்தான், நான் கடைசியாக வாங்கியது அதை. முதலில் வாங்கியிருக்க வேண்டும். விலை உயர்ந்த வயர்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள், அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

7. வாங்கும் வரிசையும் காகிதங்களும்

டர்ன்டேபிளைக் கடைசியில் வாங்குங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் என் பதினோராயிரத்தில் பாதி இதில்தான் போனது. ஆன்லைனில் திருப்பிக்கொடுக்கும் கெடு பெரும்பாலும் ஏழு, பத்து நாள். என் டர்ன்டேபிள் முதலில் வந்தது, ஸ்பீக்கர் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. ஒரு பக்கம் சத்தமே வரவில்லை என்று தெரிந்தபோது கெடு முடிந்திருந்தது. ஆம்பையும் ஸ்பீக்கரையும் முதலில் வாங்கி, போனை ஆக்ஸில் செருகி இரண்டு பக்கமும் சரியாகப் பாடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் டர்ன்டேபிள் வந்த அன்றே சோதித்துவிடலாம்.

பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கிறதா பாருங்கள், வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள். ஊசி தேய்வது வாரண்டியில் வராது. நம் நாட்டு விநியோகஸ்தர் வழியாக வராத பொருளுக்கு இங்கே வாரண்டி கிடைக்காது, ஆயிரம் இரண்டாயிரம் மலிவு என்று அதில் விழாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் சேர்த்துப் போடுவார்கள், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரும். கூரியர்காரர்கள் தங்கள் கட்டணமும் கேட்பார்கள். ஆதார் அல்லது பான் நகலும், பணம் கட்டிய ரசீதும் தயாராக வைத்திருங்கள், கேட்ட அன்றே அனுப்பாவிட்டால் பெட்டி அங்கேயே கிடக்கும். என் 78 ஊசி அப்படி மூன்று வாரம் கிடந்தது.

பழையதை வெளியூரிலிருந்து பார்சலில் வாங்குவதாக இருந்தால், சுழலும் தட்டைக் கழற்றி அடியில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். எடைக்கட்டியையும் கழற்ற வேண்டும், கையைக் கட்ட வேண்டும். எனக்கு ஒன்று ஆம்னி பஸ்ஸில் வந்தது. விற்றவர் அப்படியே மூடி அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார். இரண்டு கிலோ அலுமினியத் தட்டு வழியெல்லாம் குதித்து வந்து கையை முறித்திருந்தது. காலை ஐந்தரை மணிக்குப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தபோதே உள்ளே உலோகம் உருளும் சத்தம் கேட்டது.

8. வீட்டில் மாட்டுவது

எடைக்கட்டி உள்ள மாடலில் ஊசி எடையை அமைப்பது ஒரு பத்து நிமிட வேலை. கை நடுவை நோக்கி இழுபடாமல் பிடிக்கும் ‘ஆன்ட்டி ஸ்கேட்’ திருகியை 0-வில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றி, தட்டில் படாமல் கையை விடுங்கள். தராசு முள் போலக் கை நடுவில் மிதக்கும் வரை எடைக்கட்டியைத் திருகுங்கள். மிதந்ததும் கையைத் தாங்கியில் பூட்டுங்கள். இப்போது எடைக்கட்டியை அசைக்காமல், எண் போட்ட வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்புங்கள். அதன் பிறகு எடைக்கட்டியையே, வளையத்தோடு சேர்த்து, வேண்டிய கிராமுக்குத் திருகுங்கள். வி.எம்.95இ-க்கு 2 கிராம், 2எம் ரெட்டுக்கு 1.8. கடைசிப் படியிலும் வளையத்தை மட்டும் திருப்பினால் எண் மாறும், எடை மாறாது. ஊசி தட்டின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். எனக்கு ஓடியது. பிறகு ஆன்ட்டி ஸ்கேட்டை அதே எண்ணுக்கு வையுங்கள். எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள், ஊசி குதித்துத்தான் பள்ளத்தைக் கெடுக்கும்.

டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறி, அது மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, வால்யூம் கூட்டியதும் ‘ஊஊ’ என்று ஊளையிடும். வேறு இடமே இல்லை என்றால் டர்ன்டேபிளுக்கு அடியில் ஒரு கடப்பாக் கல் துண்டும் அதன் அடியில் நான்கு ரப்பர் கட்டையும் வையுங்கள். கல் கடையில் வெட்டி மீந்த துண்டு எனக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஹம் வந்தால் வரிசையாகப் பாருங்கள். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர் ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா? சில மாடல்களில் அந்த வயரே இருக்காது, ரேகாவில் கிடையாது, பயப்பட வேண்டாம். ப்ரீஆம்பின் அடாப்டர் டர்ன்டேபிள் வயரை ஒட்டிக் கிடக்கிறதா? ஆம்ப் செருகிய மூன்று முனை பிளக்கில் உண்மையில் எர்த் வருகிறதா? பழைய வீடுகளில் துளை மட்டும் இருக்கும், உள்ளே வயர் இருக்காது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறதா?

இதெல்லாம் சரியாக இருந்தும் ‘ஜிர்ர்’ என்று ஒரு சத்தம் நிற்கவில்லை என்றால் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான். ஐந்தில் வைத்தால் சத்தம் இல்லை, மூன்றில் வைத்தால் வரும். பாட்டு கேட்கும்போது ஐந்திலேயே ஓட விடுகிறோம்.